கடைசிப் பதிவு

"உனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சா பிலோமி?" என்று கேட்டாள் மதினி ஜெசிந்தா. பிலோமியின் பாட்டைக் கேட்க மாட்டியிருந்த உணர்பட்டையைத் தலையிலிருந்து கழற்றி மேசையில் எறிந்தாள்.

பிலோமிக்குப் புரியவில்லை. அண்ணன் சேவியர் ஐஸ் ஆலையில் அமோனியா கசிந்து செத்த பிறகு, வீட்டுக் கணினியில் அவளாகவே கட்டிய பாட்டு அது. ஐஸ் நொறுக்கும் இயந்திரத்தின் கரகரப்பு, நடுவில் போனில் பதிவாகிக் கிடந்த அண்ணன் குரல், "ஏட்டி, சாப்பிட்டியா?" கடைசியில் ஆலையின் அபாய மணி. அது அடித்தால் வேலை கெடும் என்று முதலாளி அணைத்து வைத்திருந்த மணி. விசாரணையை மூடப் பார்த்தார்கள். ஊர் கொதித்தால்தான் வழக்கு நிற்கும் என்று பாட்டை இசைவலையில் ஏற்றியிருந்தாள்.

ஊர் கொதிக்கவில்லை, ஆடியது. ஒருத்தி மகள் வளைகாப்புக்குப் போட்டாளாம். ஒருவர் காலை நடைக்கு இதுதான் உற்சாகம் என்று எழுதியிருந்தார்.

இசைவலைக்காரர்களைக் கூப்பிட்டுக் கத்தினாள். பட்டையில் கோளாறில்லை என்றான் போனை எடுத்தவன். அதற்குப் பாட்டின் பொருள் தெரியாது; கடைசிப் பதிவின்போது செய்தவர் மனத்தில் இருந்ததைக் கேட்பவர் மனத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். "அன்னிக்கு நீங்க குஷியா இருந்திருக்கீங்கம்மா."

இருந்தாள். முதல் பதிவில் அழுதாள், தாளம் பிசகியது. திருத்தித் திருத்தி, மணி சரியான இடத்தில் வந்து விழுந்தபோது தனக்குத் தானே கைதட்டிக்கொண்டாள்.

"அழுதுக்கிட்டே பதிஞ்சிருக்கலாம்லா?" என்றாள் ஜெசிந்தா.

"தாளம் தப்புச்சு மதினி."

"தப்பட்டும். செத்தது ஆளு."

பிலோமிக்குத் தலைக்கேறியது. வளைகாப்புக்காரி மேல், நடைக்காரர் மேல், எல்லாரையும்விட இந்த மதினி மேல். அந்தச் சூடு ஆறுமுன் அறைக்குள் போய்ப் பட்டையை மாட்டி, ஓர் ஓசையும் மாற்றாமல் மறுபடி பதிந்து ஏற்றினாள். இனி எவன் ஆடுகிறான் பார்ப்போம்.

எவனும் ஆடவில்லை. கேட்டவர்கள் பல்லைக் கடித்தார்கள். பக்கத்தில் பட்டை மாட்டியிருப்பவனை அறையத் தோன்றியது. பேருந்துகளில் சட்டை கிழிந்தது, ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்காலி பறந்தது. பிடிக்காதவர்களுக்கெல்லாம் அந்தப் பாட்டைத் தேடித் தேடி அனுப்பினார்கள். ஐஸ் முதலாளியின் பெயரை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. அவனும் கேட்டானாம். பாட்டுக் கேட்கிற கூட்டத்தையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு ஆலையைத் திறக்கப் போனானாம்.

மாற்றிவிட்டாளாமே என்று மதினியும் கேட்க உட்கார்ந்தாள். வேண்டாம் என்று பிலோமி ஓடி வருவதற்குள் பட்டை தலையில் ஏறியிருந்தது.

பாதியில் கழற்றினாள். முகம் கன்றியிருந்தது. தன் கையையே தான் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னைய எனக்கே பிடிக்கல பிலோமி. அவரு போனதுக்கு நான் என்ன செஞ்சேன்?"