பத்திரமா வச்சுக்கோ

நாற்காலி சூடாக இருந்தது.

உட்கார்ந்த வேகத்திலேயே அவள் பாதி எழுந்துவிட்டாள். யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்துபோன சூடு. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்களுக்காகக் கட்டிலின் ஜன்னல் பக்கம் போட்டிருந்த பழைய ரெக்ஸின் நாற்காலி அது. உட்கார்ந்தால் அமுங்கும். எழுந்தால் உஸ்ஸென்று பெருமூச்சு விட்டுக்கொண்டு உப்பும். தம்பி வந்து போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். வந்தவன் ஒரு போன் பண்ணக்கூடாதா? அவன் அப்படித்தான், எதிலும் பொறுப்பு கிடையாது.

அப்பா கண்ணைத் திறந்தார். "மறுபடியும் வந்துட்டியா? இப்பத்தானே போன."

"காலையில கடைக்குப் போனவ இப்பத்தான்பா வரேன்."

அது அவர் காதில் விழவில்லை. அவள் முகம் இருந்த திசையில் கண்ணைச் சுருக்கிப் பார்த்துச் சிரித்தார். "அம்மா கீழ வண்டியில காத்துட்டிருக்கான்னு சொன்னியே. என் செருப்பை எங்க வச்ச?"

 அம்மா செத்துப் பல வருஷமாகிறது.

அப்பா ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர். எந்த நிறுத்தத்தில் எந்தக் கிழவி ஏறுவாள் என்பதுவரை மறக்காத மண்டை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆப்பரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. 'நான் சொல்லும்வரை அவர் காலைத் தரையில் ஊன்றவே கூடாது, ஊன்றினால் வைத்த தகடு பெயர்ந்துவிடும், அப்புறம் எழவே மாட்டார்' என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கால் போனால்கூடப் பரவாயில்லை, மண்டை அப்படியே திரும்பி வரட்டும் என்றுதான் பூட்டு வேண்டிக்கொண்டிருந்தாள். துணி தைத்துப் பிழைக்கிற அவளுக்கு வீட்டில் பேச்சுத்துணை அவர் ஒருவர்தான்.

பூட்டு என்பது அப்பா வைத்த பெயர். சின்ன வயதில் சர்க்கரை டப்பாவுக்கே பூட்டுப் போட்டவள். தலை நரைத்த பிறகும் வீட்டைப் பூட்டினால் திரும்பி வந்து இழுத்துப் பார்க்காமல் தெருவைத் தாண்டமாட்டாள்.

சிஸ்டர் ரத்த அழுத்தம் பார்க்க வந்தபோது பூட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். நர்ஸ் பெண் சின்ன வயசுதான், ஆனால் பேச்சில் அதட்டல் இருந்தது.

"வயசானவங்களுக்கு ஆப்பரேஷனுக்கு அப்புறம் இப்படிக் குழப்பம் வரும்க்கா. வந்ததுக்கப்புறம் விரட்டுறது கஷ்டம், வரவிடாமப் பாத்துக்கணும். பகல்ல ஜன்னல் திரைய மூடாதீங்க. அடிக்கடி தண்ணி குடுங்க. ராத்திரி தூங்க விடுங்க. கிட்ட வரும்போதெல்லாம் நீங்க யாரு, இது எந்த இடம், இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லிக்கிட்டே இருங்க. தெரிஞ்ச குரல் காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும். மத்தியானம் சொல்லிக்கிட்டிருந்தீங்களே, அதே மாதிரி."

"மத்தியானமா? நான் கடையில இருந்தேனே சிஸ்டர்."

"அப்படியா? திரைக்கு அந்தப் பக்கம் உங்க குரல்தான் கேட்டுச்சு. சரி, ஐயாவுக்குக் கண்ணாடி கிடையாதா? காது மிஷின்?"

பூட்டு தோளில் தொங்கிய பையை இறுக்கிக்கொண்டாள். "என் பையில இருக்கு."

"எப்பலேர்ந்து?"

"சேர்த்த அன்னைக்கே எடுத்து வச்சுட்டேன். நாலு பேர் வந்து போற இடம், காணாமப் போயிடும்னு..."

"நல்லா இருக்கு போங்க. கண்ணையும் காதையும் பையில போட்டுப் பூட்டிட்டு, வெறும் ஆளை எங்ககிட்ட விட்டுட்டுப் போயிருக்கீங்க."

 அவ்வளவு நாளும் அப்பா புகைமூட்டத்தில் கிடந்திருக்கிறார். சத்தமில்லாத உலகத்தில் அவரைத் தூக்குகிறார்கள், குத்துகிறார்கள், புரட்டுகிறார்கள். பக்கத்தில் வருவது மனுஷனா மரமா என்று தெரியாது. அந்த நிலைமையில் யார் வந்து உட்கார்ந்து என்ன சொன்னாலும் நம்பத்தானே செய்வார்? பாவி, நான் பண்ணின வேலை என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சிஸ்டர் போனதும் கட்டிலின் கதவுப் பக்கமாக வந்து நின்றுகொண்டு, கைப்பையின் வாயை டக்கென்று திறந்தாள். கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டினாள். மிஷினைக் காதில் பொருத்தினாள்.

அப்பாவின் முகம் மெல்ல மெல்ல அவர் முகமானது.

"அட, பூட்டா! உனக்கு எப்ப இவ்வளவு நரை விழுந்துச்சு?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இது எந்த இடம்னு சொல்லுங்க பாப்போம்."

"ஆஸ்பத்திரி. சாப்பாட்டுல உப்பே இல்ல, வேற எங்கயாம்?"

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன். என்னடி, ஸ்கூல் இன்ஸ்பெக்டர் மாதிரி கேக்குற?"

"நான் யாரு?"

"பூட்டு. என் மூத்த பொண்ணு." சொல்லிவிட்டு, பஸ் ஓட்டும்போது கண்ணாடியில் பின்னால் பார்ப்பாரே, அந்தப் பார்வையாக ஜன்னல் பக்கம் பார்த்தார். "அப்ப அவ யாரு?"

"அங்க யாரும் இல்லப்பா."

"உன்னை மாதிரியே இருக்கா. ஆனா நரை இல்ல."

பூட்டு பார்த்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் ரெக்ஸின் அமுங்கியே இருந்தது. அவள் எழுந்து எவ்வளவோ நேரமாகிவிட்டது. அது இன்னும் உப்பவில்லை.

பழைய நாற்காலி. பஞ்சு செத்துப்போயிருக்கும். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். கை மட்டும் தானாகத் தம்பிக்கு போன் போட்டது.

"நான் இன்னைக்கு அங்க வரவே இல்லையேக்கா. ஏன், நீ இல்லையா அங்க?"

ஜன்னலில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. மருந்துத் தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் தாழ்வாரம் நெடுக கீச்சிட்டுக்கொண்டே போய் எங்கோ நின்றது, பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமி இருமி ஓய்ந்தார்கள், டெட்டால் வாசனைக்கு அடியில் அவளுக்கு நன்றாகப் பழகிய இன்னொரு வாசனை வந்தது. தையல் மிஷின் எண்ணெயும் புதுத் துணியும் கலந்த வாசனை. கடையிலிருந்து வந்ததும் குளித்து உடுப்பு மாற்றித்தான் வந்திருந்தாள். தன் முந்தானையை மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான். அந்த வாசனை ஜன்னல் பக்கமிருந்து வந்தது.

அப்பா முகம் சுளித்தார். "காது மிஷின் கூவுது. துடைச்சுக் குடு."

மிஷினைக் கழற்றித் துடைத்தாள். வீட்டிலும் இது அவள் வேலைதான். துடைத்துவிட்டுத் தன் காதில் வைத்து, 'ஹலோ' என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அவருக்குப் போடுவாள். இப்போதும் காதில் வைத்தாள்.

ஹலோ சொல்ல வாயைத் திறக்கவில்லை.

"அப்பா, நான்தான் பூட்டு."

அவள் குரல். பக்கத்தில், மிகப் பக்கத்தில்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. இது நம்ம வீடு. இடுப்பு சரியாயிடுச்சுப்பா."

அவளுடைய அவசரம். வாக்கியத்துக்கு வாக்கியம் அவள் தொண்டையைச் செருமுகிற அதே செருமல். பூட்டு கையால் தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். மூடியிருந்தது.

மிஷினை எடுத்தாள். ஒன்றுமில்லை. வைத்தாள்.

"எழுந்திருங்க. அம்மா கீழ வண்டியில இருக்காங்க."

அப்பாவின் காதில் மிஷின் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

 சிஸ்டரைக் கூப்பிட வாய் திறந்தாள். அதற்குள் திரைக்கு அப்பால் சிஸ்டரின் குரல் கேட்டது.

"அப்படித்தான்க்கா. பேசிக்கிட்டே இருங்க."

எல்லாருக்கும் கேட்கிறது. அவளுக்கு மட்டும்தான் மிஷின் வேண்டியிருந்தது.

பாய்ந்து மிஷினை அப்பாவின் காதில் திணித்தாள். "அப்பா! நான்தான்பா பூட்டு! இது ஆஸ்பத்திரி! இன்னைக்கு வியாழன்! காலைக் கீழ வைக்காதீங்கப்பா!"

அப்பா அவளைப் பார்த்தார். பஸ்ஸில் கடைசி நிறுத்தத்திலும் இறங்காமல் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல, மரியாதையாக.

"கொஞ்சம் மெதுவாப் பேசும்மா. என் பொண்ணு பேசிக்கிட்டிருக்கால்ல?"

மிஷினைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றி மடக்கினார். இரண்டையும் சேர்த்து நாற்காலிப் பக்கம் நீட்டினார்.

"இந்தா. பத்திரமா வச்சுக்கோ. இங்க காணாமப் போயிடும்."

விட்டார்.

கீழே விழுந்த சத்தம் இல்லை.

டக்.

கைப்பை மூடுகிற சத்தம். அவளுடைய பை அவள் தோளில் இருந்தது. அதை அவள் தொடவில்லை.

அப்பா போர்வையை விலக்கினார். பூட்டு இரண்டு கையாலும் அவர் தோளை அமுக்கினாள், முழு பலத்தையும் போட்டு அமுக்கினாள், கதறினாள். திரைக்கு அப்பாலிருந்து யாரும் வரவில்லை. அப்பா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆப்பரேஷன் பண்ணின கால் கட்டிலிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடித் தரையைத் துழாவியது. ஜன்னல் பக்கக் கையைத் தூக்கி, ஒரு தோளைச் சுற்றிப் போடுவதுபோல வெறும் காற்றில் போட்டார். அது அங்கேயே நின்றது.

நாற்காலி உஸ்ஸென்று மூச்சு விட்டது. ரெக்ஸின் மெதுவாக உப்பத் தொடங்கியது.