எரு கிடைக்காத பாத்தி

தீவுத் தோட்டத்தின் தலைவியான டீச்சர், தக்காளிச் செடியொன்றை வேரோடு பிடுங்கிக்கொண்டு ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரின் வீட்டுக்கே வந்துவிட்டார். இலையெல்லாம் முறுக்கிச் சுருண்டிருந்தது. மருந்து வாடையே படாத தோட்டம் அது. தீவில் பாதி வீட்டுக்குக் காய்கறி அங்கிருந்துதான். யாரோ களைக்கொல்லி தெளித்துவிட்டார்கள் என்றார். யாரென்றும் அவருக்குத் தெரியும். தோட்டத்துக்குப் புதிதாக வந்த தையல்காரம்மா. மற்ற பாத்தியெல்லாம் சுருண்டு கிடக்க, அவள் பாத்தி மட்டும் கொழுகொழுவென்று நின்றது. இதை நாலு பேர் முன்னால் சொல்லியும் ஆயிற்று. அடுத்த கூட்டத்தில் அவளை நீக்க வேண்டும். அதற்கு ஒரு சாட்சி வேண்டும்.

இன்ஸ்பெக்டரின் மச்சான் மருந்துக்கடைக்காரர். விஷம் என்றதும் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே தோட்டத்துக்கு ஓடிவந்தார். தையல்காரம்மாவின் பாத்தியோரம் கிடந்த தெளிப்பான் ஒன்றைப் பாய்ந்து எடுத்து முகர்ந்தார். பூச்சிக்கு அடிக்கும் வெறும் சோப்புத் தண்ணீர்.

இன்ஸ்பெக்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுருண்ட தக்காளிகளுக்கு நடுவே மக்காச்சோளம் மட்டும் நிமிர்ந்து நிற்பதையும், பாத்திகளை ஒட்டிய நடைபாதையில் கீரைக்களை பச்சென்று இருப்பதையும் குனிந்து பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்:

"எல்லாப் பாத்திக்கும் போட்டு, அந்தம்மாவுக்கு மட்டும் போடாதது ஏதாவது உண்டா?"

டீச்சர் யோசித்தார். குதிரை எரு. அக்கரையிலிருந்து அவரே படகில் ஏற்றி வந்து, பெருமையோடு பங்கிட்டது. தையல்காரம்மா கூடையோடு வந்தபோது, புதியவர்களுக்கு அடுத்த முறை என்று அனுப்பிவிட்டார்.

"எரு தீர்ந்துபோச்சா?"

"இல்ல," என்றார் டீச்சர். குரல் இறங்கிவிட்டது. மிச்சக் குவியல் வேலியோரம் அப்படியே இருந்தது. இன்ஸ்பெக்டர் அதில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு, கூட்டத்தைச் சில வாரம் தள்ளிவைக்கச் சொன்னார்.

கூட்டத்தில் அவர் மேசைமேல் இரண்டு தொட்டிகளை வைத்தார். ஒன்றில் அவரைச்செடி நேராக வளர்ந்திருந்தது. மற்றதில் சுருண்டிருந்தது.

"ஒரே விதை, ஒரே தண்ணி. சுருண்டதுல மட்டும் அந்த எருவைக் கலந்தேன். யாராவது தெளிச்சிருந்தா பாதையோரக் கீரைக்களையும் சுருண்டிருக்கும். இது புல்லை விட்டுட்டு அகல இலையை மட்டும் கெடுக்கிற மருந்து. அதான் புல்லு சாதியான சோளம் தப்பிச்சுது. மேய்ச்சல் புல்லுல அடிச்சிருக்காங்க. குதிரை தின்னு, அந்த மருந்து செரிக்காம எருவோட வந்திருக்கு."

"அப்போ குதிரைதான் குத்தவாளியா?" என்றார் மச்சான். யாரும் சிரிக்கவில்லை.

டீச்சருக்கு நாற்காலி முள்ளாகக் குத்தியது. ஒவ்வொரு விதையும் எங்கிருந்து வந்தது என்று எல்லோரையும் குடைந்தெடுத்தவர், எரு நன்றாக மக்கியதா என்று கேட்டாரே தவிர, குதிரை என்ன தின்றது என்று கேட்கவில்லை. எழுந்து நின்றார்.

"எருவைக் கொண்டுவந்தது நான். பழியைப் போட்டதும் நான்தான். என்னை மன்னிச்சிடுங்கம்மா."

தையல்காரம்மாவும் எழுந்தார். "எரு இல்லேன்னு சொன்ன அன்னைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன், டீச்சர்," என்றார். பிறகு எல்லோரையும் பார்த்து, "நாளைக்குக் கூடை கொண்டுவாங்க. என் பாத்தியில காய் நிறையப் பழுத்திருக்கு."

திட்டியிருந்தால் டீச்சர் தாங்கியிருப்பார்.

மறுநாள் காலை டீச்சர் வரிசையில் கடைசியாக நின்றார். முறை வந்தபோது கூடையை நீட்டக் கை வரவில்லை. தையல்காரம்மாவே அதை வாங்கி நிரப்பினார்.