அந்தப் பக்கத்துப் பனி

ஒக்புன் கை வைத்த இடத்தில் தரை சில்லென்றிருந்தது. அடுப்படிச் சுவரை ஒட்டிய மூலை அது. அடுப்பில் எரியும் கரியின் அனல் தரைக்கடியில் முதலில் நுழைவது அங்கேதான். வெறுங்காலோடு கொஞ்ச நேரம் நின்றால் உள்ளங்கால் பொரிந்துவிடும். அங்கே போய்க் குளிர் எங்கிருந்து வரும்? கரி அணைந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தாள். அது பாட்டுக்குச் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது.

மறுபடி தடவினாள். சுற்றிலும் நல்ல சூடு. நடுவில் மட்டும் ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்த அளவுக்குக் குளிர். முழங்கால் மடங்கியிருந்த வளைவுகூடக் கைக்குத் தட்டுப்பட்டது.

அந்த மூலையில்தான் அவள் புருஷன் டோக்சுவுக்குச் சோறு வைப்பாள். மூடி போட்ட பித்தளைக் கிண்ணத்தைப் போர்வையில் சுற்றி வைத்துவிடுவாள். வெளியே போன புருஷன் எந்நேரம் வந்தாலும் சோறு ஆறாமல் இருக்கவேண்டும். வராமலே போனாலும் வைக்கவேண்டும். அப்படி வைத்தால், போன இடத்தில் அவன் பட்டினி கிடக்கமாட்டான். கங்னுங் என்ற இந்தக் கடலோர ஊரில் பெண்கள் இதையெல்லாம் யாரிடமும் கேட்டுக்கொண்டு செய்வதில்லை.

டோக்சு லாரி ஓட்டினான். துறைமுகத்தில் மீனை ஏற்றிக்கொண்டு மலைக் கணவாய் தாண்டிப் போவான். மலைமேல் மரப்பந்தல்களில் அந்த மீனை வாய் பிளந்தபடி தொங்கவிடுவார்கள். அது உறைந்து, இளகி, மறுபடி உறைந்து வசந்தத்துக்குள் மஞ்சளாகக் காயும். கடலோரத்தில் அந்த வேலை நடக்காது. வடமேற்கிலிருந்து வரும் வாடையை மலை குறுக்கே நின்று தடுத்துவிடுவதால், இங்கே நடுக் குளிர்காலத்திலும் வெயில் முதுகைச் சுடும். இந்தப் பக்கம் துணி காயும் நேரத்தில் அந்தப் பக்கம் மனிதன் விறைத்துப் போவான். போன குளிர்காலத்தில் டோக்சு இங்கே அடித்த வெயிலைப் பார்த்துவிட்டு வெறும் சட்டையோடு கிளம்பினான். கணவாய்க்கு அப்பால் பனி மூடியது. லாரி கிடைத்தது, அதன் கதவு திறந்திருந்தது. ஆள் கிடைக்கவில்லை. பனி உருகிய பிறகும் கிடைக்கவில்லை.

உடல் இல்லாமல் எப்படி அழுவது? அவள் அழவில்லை. சோறு வைத்துக்கொண்டே இருந்தாள்.

சியோல் வானொலியில் செய்தி ஓடியது. மலைக்கு மேற்கே கடும் பனிப்பொழிவு, கிழக்குக் கடற்கரையில் வானம் தெளிவு. ஒக்புன் வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். வெயில் பளீரென்று அடித்தது. மலைமுகட்டில் மட்டும் வெள்ளை மேகம் படுத்துக் கிடந்தது.

அடுத்த நாள் மலைக்கு அந்தப் பக்கம் பனி ஓய்ந்தது. தரை சுட்டது. மறுபடி அங்கே பனி விழுந்தபோது மறுபடி குளிர்ந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. பயப்படவேண்டியவள், சந்தோஷப்பட்டாள். பாவி, அப்படியே அந்த இடத்தில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா?" என்றாள். அப்போதுதான் அழுகை வந்தது. கண்ணீர் கன்னத்துக்கும் தரைக்கும் நடுவே உறைந்து ஒட்டிக்கொண்டது.

காலையில் கிண்ணத்தைத் திறந்தால் சோறு கல்லாக உறைந்திருக்கும். நடுவில் ஒரு குழி விழுந்திருக்கும்.

துறைமுகத்தில் அவளோடு மீன் கீறும், சம்சோக் ஊரிலிருந்து வந்த பக்கத்து வீட்டுச் சம்சோக்காரியிடம் மட்டும் சொன்னாள். அவளுக்கு ஒக்புனைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட. எதையும் சிரிப்பாக்கிவிடுகிற வாய்.

"அடி கள்ளி, செத்தும் ஒன்ன விடலையா உன் ஆளு? குடுத்து வெச்சவதான் நீ. என் ஆளு உசிரோட இருக்கறப்பவே வீடு தங்கல."

"செத்துட்டார்னு யாரு சொன்னாக்கா?"

சம்சோக்காரி கத்தியைக் கீழே வைத்தாள். முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. "கேளுடி. நீ வைக்கிற சோத்து வாசம் மலையத் தாண்டிப் போவுது. கிண்ணத்துல பேரா எழுதி வெச்சிருக்க, உன் புருஷன் மட்டும் வந்து திங்கறதுக்கு? இனிமே வைக்காத. வீட்ல பொட்டப்புள்ள இருக்கு."

ஒக்புனுக்குக் கோபம் வந்தது. அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

ஆனால் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது, மகள் போராம் அந்த மூலையில் படுத்திருந்தாள். ஆறு வயதுப் பிள்ளை. குளிர்ந்த இடத்தின் வளைவுக்குள் கச்சிதமாகப் பொருந்தி, காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒக்புன் அவளை வாரியெடுத்து அடுப்பருகே உட்கார்ந்து தேய்த்தாள், தேய்த்தாள், பல் கிடுகிடுவென்று அடிக்கும்வரை தேய்த்தாள்.

"அப்பாவுக்கு ரொம்பக் குளுருதாம்மா. என்னக் கட்டிக்கிட்டா கொஞ்சம் தேவலையாம்."

"மூஞ்சியப் பாத்தியா?"

"இல்லம்மா. பின்பக்கமா இருந்துதான் கட்டிக்கிறாரு."

அன்று ஒக்புன் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். இருக்கிற ஒரு பிள்ளையையாவது காப்பாற்றவேண்டும். "மன்னிச்சிடுங்க," என்று மூலையைப் பார்த்துச் சொன்னாள். "இவள விட்டா எனக்கு யாரிருக்கா?" போராமை எதிர்ச் சுவரோரம் படுக்கவைத்து, நடுவில் தான் படுத்துக்கொண்டாள். மூலை குளிர்ந்தது. ஆனால் அந்தக் குளிர் அவர்கள் பக்கம் நகரவில்லை. பனி அந்தப் பக்கம்தானே, மலை நடுவில் நிற்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

குளிர்காலம் முடியப்போகும் நேரத்தில் காற்று திரும்பியது. ஆண்டுக்கு ஒருமுறையாவது அப்படித் திரும்பும். கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று மலையில் முட்டி, மேலேற முடியாமல், இருப்பதையெல்லாம் இந்தப் பக்கமே கொட்டிவிட்டுப் போகும். மதியம் ஆரம்பித்தது. பஞ்சுப் பொதியாக, சத்தமே இல்லாமல் விழுந்தது. முதலில் வேலி போனது. பிறகு பாதை. பிறகு சம்சோக்காரியின் கூரை. மின்சாரமும் நின்றது. நிற்பதற்குச் சற்று முன் வானொலி சொன்னது: மலைக்கு இருபுறமும் பனி.

இருபுறமும்.

ஒக்புன் மூலையைத் தொட்டுப் பார்த்தாள். தரை சுட்டது.

அங்கே அவன் இல்லை. இங்கிருந்து கணவாய்வரை, கணவாயிலிருந்து அவன் காணாமல்போன பள்ளத்தாக்குவரை, இப்போது ஒரே வெள்ளை. நடந்து வர வழி கிடைத்துவிட்டது.

போராமைப் போர்வையில் சுற்றி எதிர்ச் சுவரோரம் கிடத்தினாள். கதவுக்கு நீள் தாழ் போட்டாள். கதவுச் சட்டத்தில் ஒட்டிய காகிதத்தின் வழியே மங்கலான வெள்ளை வெளிச்சம் கசிந்தது. பகல்தான், ஆனால் பகல்போல் இல்லை. பனியின் எடையில் கூரை மரம் முனகியது, பைன்கிளை எங்கோ முறிந்தது, அப்புறம் அந்தச் சத்தங்களுக்கு அடியில், காலைப் பொத்துப் பொத்தென்று பனிக்குள் புதைத்துப் புதைத்து எடுத்து நடக்கும் சத்தம் கேட்டது.

முற்றத்தில் நின்றது.

காகிதத்தில் நிழல் விழுந்தது. ஒல்லியான நிழல்.

"போராம் அம்மா."

அவன் குரல். தொண்டை கட்டிய, புகையிலைக் கரகரப்போடு, அதே குரல். ஒக்புன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போராம் அம்மா. சோறு இருக்கா?"

பேசாதே. பேசாதே.

"குளுருது."

"போயிடுங்க," என்றாள். குரல் உடைந்தது. "பிள்ளையத் தொடாதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன், போயிடுங்க."

வெளியே அழுகை. அவள் கேட்டேயிராத அழுகை. டோக்சு உயிரோடிருந்தபோது ஒருநாளும் அழுததில்லை. வெறும் சட்டையோடு நிற்கிறான். அவள் கட்டிய மனிதன். இதே குரலில் தாலாட்டிப் பிள்ளையைத் தூங்கவைத்தவன். ஒரு வாய்ச் சோற்றுக்கு வாசலில் நின்று அழுகிறான்.

"உள்ள வரல. சோறு மட்டும் போதும்."

ஒக்புனால் முடியவில்லை. வேண்டுமானால் என்னை எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். பிள்ளையை விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போகட்டும். எழுந்தாள். தாழை எடுத்தாள். கதவைத் தள்ளினாள்.

முற்றத்தில் ஆட்கள் நின்றார்கள்.

ஒருவர் பின் ஒருவராக, வரிசையாக. வேலி இருந்த இடத்தைத் தாண்டி, பாதை இருந்த இடத்தைத் தாண்டி, மலைவரை. பழைய ராணுவக் கோட்டுப் போட்டவன். விறகுச் சுமையோடு ஒரு கிழவன். முதுகில் குழந்தையைக் கட்டிய பெண். தலையில் பனி, இமையில் பனி, திறந்த கண்ணின் மேலும் பனி. எல்லோருடைய வாயும் பிளந்திருந்தது. மூச்சு மட்டும் யாரிடமும் இல்லை.

அவள் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். பைத்தியம்போலத் தேடினாள்.

டோக்சு இல்லை.

முதலில் நின்றவன் யாரோ. தாடி உறைந்த, எந்த ஊரென்றே தெரியாத யாரோ. அவன் உதடு அசையவில்லை. அந்த வாய்க்குள்ளிருந்து அவள் புருஷனின் குரல் வந்தது.

"சோறு இருக்கா?"

கதவை இழுக்கவேண்டும். கை வரவில்லை. பின்னால் பாதம் தரையில் படும் சத்தம். சின்னப் பாதம்.

"இருங்கப்பா, இந்தா எடுத்தாந்துட்டேன்."

அவள் இடுப்பை உரசிக்கொண்டு ஒரு குட்டிக் கை வெளியே நீண்டது. கையில் அந்தப் பித்தளைக் கிண்ணம் நிறையச் சோறு. ஆவி பறந்தது. வரிசை முழுவதும் ஒரே சமயத்தில் தலையைத் திருப்பியது.

தாடிக்காரன் கையை நீட்டினான். கிண்ணம் பனியில் விழுந்தது. அவன் விரல்கள் பிள்ளையின் மணிக்கட்டைச் சுற்றி மூடிக்கொண்டன. அவனுக்குப் பின்னால் நின்ற பெண் அவன் தோளைப் பற்றினாள், அவள் தோளைக் கிழவன் பற்றினான், அப்படியே ஒருவர் தோளை ஒருவராக, மலைவரை.