கலவை-ஒன்றுக்குள் ஆள்

அன்று எங்கள் கடலோர ஊரின் மேட்டுப்பாளையத்துச் சோப்புத் தொழிற்சாலையிலிருந்து கிளம்பிய குளிரில், சித்திரை வெயிலிலேயே வைத்திக்குப்பம் கடல் கெட்டியாகிவிட்டது. மீனவர்கள் படகைக் கரையில் போட்டுவிட்டு நடந்துபோய்தான் வலை வீசினார்கள். சந்தேகம் இருந்தால் மீன்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

செந்தமிழ்ச்செல்வி அந்தத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. மாடியில் அவள் மேசை. கீழே கலவைத் தொட்டி. யானை குடும்பத்தோடு குளிக்கலாம். அதற்குள் ஆள் உயர இரும்புத் துடுப்புகள்.

புரோகிராம் எழுத ஒரு கம்ப்யூட்டர், சோதிக்க ஒன்று, நிஜ வேலைக்கு ஒன்று. மூன்றிலும் துடுப்பைச் சுற்றவைக்கும் இணைப்பின் பெயர் 'கலவை-ஒன்று'தான். பெயர் மாறாததால் புரோகிராமை எங்கே கொண்டுபோனாலும் திருத்தாமல் ஓடும். பெயருக்குப் பின்னால் இருக்கும் முகவரி மட்டும் வேறு. நிஜத்தில் அது தொட்டிக்குப் போகும். சோதனையில், தொட்டி மாதிரி நடிக்கும் ஒரு சின்னப் பெட்டிக்கு.

"நிஜத்த அப்படியே நகலெடுத்துச் சோதனையில கொட்டிட்டேன்," என்றார் மேலாளர் நெடுமாறன். "தைரியமா தட்டும்மா. கடிச்சிடாது."

சோதனைக் கம்ப்யூட்டரில் 'சுற்று' என்று தட்டினாள். சரி, தவறு என்ற இரண்டே பதில்தான் அந்தப் புரோகிராமுக்குத் தெரியும்.

எதுவும் வரவில்லை.

கீழே மோட்டார் உறுமியது.

சோதனையில் உறுமுவதற்கு மோட்டாரே கிடையாது.

சோப்பு வாசனையை அமுக்கிக்கொண்டு, நெடுநாள் மூடிக் கிடந்த ஈரத்துணியின் நாற்றம் படியேறி வந்தது. அவள் விரல்கள் விறைத்தன. திரையில் எழுத்து விழுந்தது.

உள்ளே ஆள்.

இணைப்பைத் திறந்து பார்த்தாள். நகலோடு நிஜத் தொட்டியின் முகவரியும் வந்திருந்தது. யாரும் மாற்றவில்லை.

"சார், மெயினப் புடுங்குங்க!" அலறிக்கொண்டு கீழே ஓடினாள். நெடுமாறன் பின்னாலேயே வந்து மின்சாரத்தை நிறுத்தினார்.

தொட்டிக்குள் காய்ந்த சோப்பைச் சுரண்ட இறங்கியிருந்த கன்னியம்மாள் ஏணியில் தொற்றி வெளியே வந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. பல் தந்தியடித்த சத்தம் கோரிமேடு வரை கேட்டிருக்கும்.

"துடுப்பு முதுகுல வந்து முட்டுச்சு பாப்பா. அதுக்கு மேல நவுறல. அந்தாண்ட ஒருத்தன் புடிச்சிக்கினு நின்னான்."

"யாரு?"

"கழுத்துக்கு மேல ஒண்ணும் இல்ல."

"மோட்டார் சிக்கிக்கிச்சு, அவ்ளோதான்," என்றார் நெடுமாறன். "இதுக்குப் போயி கழுத்து, தலன்னு கத கட்டிக்கினு. நானே காட்டுறேன்." டார்ச்சோடு இறங்கினார்.

இருட்டு அவரை விழுங்கியது.

இரும்பு ஒருமுறை முனகியது.

"செல்வி," அடியிலிருந்து கிசுகிசுப்பு. "நீ எதுக்கும்மா இறங்கின? என் கை மேலேர்ந்து கைய எடு."

"சார்... நான் மேலதான் இருக்கேன்."

டார்ச் அணைந்தது.

நெடுமாறன் ஏணியில் ஏறவில்லை, பறந்தார். இறங்கும்போது இருந்த தொப்பை ஏறி வந்தபோது இல்லை. புறங்கையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்தார்.

"முகவரிய மாத்தாம வுட்டது நான்," என்றார் கன்னியம்மாளைப் பார்த்து. "மோட்டார் சிக்கவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நீ சொன்னது நடந்துச்சும்மா. இன்னும் துடுப்பப் புடிச்சிக்கினுதான் நிக்கிறான்."