மூலையில் நின்றவர்கள்

பதினோராவது முறையும் பணயக்கைதிகள் தீவிரவாதியின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்கள். காப்பாற்ற வந்த அதிரடிப் படையைப் பார்த்துத்தான்! சுட வழியில்லாமல் நேரம் முடிந்து மணி அடித்தது.

மேஜர் தேவசகாயத்துக்குக் கோபம் தலைக்கேறியது. நாளைக்குத் தேர்வு. தோற்றால் அவருடைய அணியைக் கலைத்துவிடுவார்கள்.

அணி பயிற்சி எடுக்கும் அந்தப் பயில்வீடு லேசுப்பட்டதல்ல. பொத்தானைத் தட்டினால் சுவர்கள் நகர்ந்து அடுக்குமாடி வீடாகும், வங்கியாகும். உள்ளே தீவிரவாதியாகவும் கைதிகளாகவும் ஒளியால் ஆன நிழலாட்கள் நடமாடுவார்கள். சுட்டால் விழுந்து, அடுத்த சுற்றில் எழுவார்கள். ஆறு மாதம் முன்பு பொறியாளர் ஷாஹிதா அவர்களுக்கு நினைவையும் கொடுத்தாள். எதிரி புத்திசாலியாகட்டும் என்றுதான் கொடுத்தது. கைதிகளும் கற்றுக்கொள்வார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நமக்கு எப்போதும் எதிரியைப் பற்றித்தானே கவலை!

"உன் மெஷின் கெட்டுப்போச்சும்மா," என்றார் மேஜர்.

"அவங்ககிட்டயே கேட்டுப் பாருங்க சார்."

பச்சைப் புடவை கட்டிய நிழற்பெண்ணிடம் போனார். "ஏம்மா அவன்கிட்ட ஓடுற? நாங்க உன்னக் காப்பாத்த வந்தவங்க."

"கதவ ஒடச்சதும் உங்காளு மொதல்ல மூலையத்தான் பாக்குறாரு. அங்க எது அசைஞ்சாலும் சுட்டுடறாரு. முப்பத்திநாலு தடவ செத்துட்டேன் சார். அவன் பக்கத்துல நின்னாத்தான் நீங்க நிதானமா குறி பாக்குறீங்க."

மூலையை முதலில் பார் என்று பதினெட்டு வருடமாகச் சொல்லிக்கொடுத்தது மேஜர்தான். பயந்த மனிதர்கள் போய் ஒண்டுவதும் மூலையில்தான்.

"நினைவ அழிச்சிடவா சார்? பழையபடி மூலைக்கே ஓடுவாங்க. ரெண்டு கைதி செத்தாலும் விதிப்படி பாஸ்தான்," என்றாள் ஷாஹிதா.

"இரு. இன்னொரு சுத்து விடு. நான் கைதியா நிக்கிறேன். பசங்ககிட்ட சொல்லாத. என் பசங்க பாத்துத்தான் சுடுவாங்க, நீயே பாரு."

கவசத்தைக் கழற்றிவிட்டு மூலையில் போய் நின்றார். பயிற்சித் துப்பாக்கி வெறும் ஒளிதான்; பட்டால் சட்டையில் சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவே. பயப்பட ஒன்றுமில்லை.

வெளியே பூட்ஸ் சத்தம் நெருங்கியது. முதலில் சுடலைதான் வருவான். அணியிலேயே கை வேகம் அவனுக்குத்தான். அவரே பழக்கிய கை.

கதவு அதிர்ந்தது. மேஜரின் கால்கள், அவரைக் கேட்காமலே, தீவிரவாதியின் பக்கம் நகர்ந்தன. பச்சைப் புடவைக்காரி சற்று ஒதுங்கி அவருக்கு இடம்விட்டாள்.