இரண்டாம் பக்கத்தில் நின்றுபோன கையேடு

கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை வந்து உட்கார்ந்துவிட்டால், வீட்டில் யாரோ கிளம்பப் போகிறார்கள் என்று அர்த்தம். இசைவாணியின் வீட்டில் உட்கார்ந்திருந்தது அப்பாவின் பை. அது இன்னும் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் அதைத் தாண்டும்போதெல்லாம் அவள் ஒரு தரம் தூக்கிப் பார்த்துக்கொண்டாள்.

அப்பா அன்புச்செல்வன் திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் கணினியில் வடிவமைத்துக் கொடுத்தவர். சாலையை அகலப்படுத்தியபோது அச்சகம் இடிபட்டது. முதலாளி வேறு ஊருக்குப் போய்விட்டார். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் மாமா வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். அங்கேயே விடுதியில் தங்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வரலாம். போவதென்று அப்பா முடிவு செய்யவில்லை. போகவில்லை என்றும் முடிவு செய்யவில்லை. எல்லாம் அந்தக் கையேட்டை நம்பித்தான் இருந்தது.

அது என்ன கையேடு என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

கணினியில் படம் வரைய, பத்திரிகை வடிவமைக்க மென்பொருள் வேண்டும். பல மென்பொருள்களைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சிலவற்றை உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து பலபேர் சேர்ந்து செய்து, எல்லாருக்கும் சும்மாவே கொடுத்துவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், தெரிந்தவர்கள் திருத்தவும் செய்யலாம். அதைக் கட்டற்ற மென்பொருள் என்பார்கள். அப்பா அச்சகத்தில் வைத்திருந்தது அப்படி ஒன்றுதான்.

அதைச் செய்தவர்கள் மகா கெட்டிக்காரர்கள். ஆனால், ஒன்றும் தெரியாத ஆளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்ல மட்டும் அவர்களுக்கு வராது. அதனால் ஓர் அறிவிப்பு விட்டார்கள். கணினியையே தொடாதவர்களுக்கும் புரிகிற மாதிரி அவரவர் மொழியில் கையேடு எழுதுங்கள், நன்றாக இருந்தால் ஒரு வருடம் உட்கார்ந்து எழுத நல்கைப் பணம் தருகிறோம் என்றார்கள்.

அப்பா முதல் பகுதியை எழுதி அனுப்பினார். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் கடைசியாக ஒரு சோதனை இருந்தது. கணினி தெரியாத ஒருவர் கையேட்டை மட்டும் பார்த்து ஒரு பிறந்தநாள் அழைப்பிதழ் செய்து முடிக்க வேண்டும். எழுதியவர் பக்கத்தில் நிற்கவோ பேசவோ கூடாது.

சோதனை விழுப்புரத்தில், ஒரு மாடி அறையில் நடந்தது. அன்று சனிக்கிழமை, பள்ளி இல்லை என்பதால் அப்பா வாணியையும் அழைத்துப் போயிருந்தார். நல்கைக்காரர்களின் சார்பில் தேவநாதன் என்பவர் வந்திருந்தார். கணினி முன்னால் உட்கார்ந்தவர் சவுரியம்மாள். வானூர் பக்கம் கட்டட வேலை செய்கிறவர். மகளிர் குழுவில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் என்று அவரை அனுப்பியிருந்தார்கள்.

அப்பா வெளியே வராந்தாவில் நின்றார். வாணி சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சவுரியம்மாள் முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தைப் படித்தார். ஏதோ தட்டினார், பிறகு சட்டென்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கை மேலே வரவே இல்லை.

"புஸ்தகம் நல்லாதான் கீது சார். எனக்குதான் மண்டையில ஏறல" என்று தேவநாதனிடம் சொல்லிவிட்டு அவர் எழுந்துவிட்டார்.

தேவநாதன் நல்ல மனிதர். அடுத்த சனிக்கிழமை இன்னொரு வாய்ப்பு உண்டு, அதற்குள் திருத்தலாம் என்றார். அதுதான் கடைசி என்பதையும் மெதுவாகச் சொன்னார். அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

கீழே தண்ணீர்க் குழாய் ஓரத்தில் சவுரியம்மாள் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கழுவக் கழுவக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அப்பாவின் கையேட்டைக் கெடுத்தவர் இவர்தான் என்று ஒரு நொடி வாணிக்குக் கோபம் வந்தது உண்மை. அந்த முகத்தைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. தன் தண்ணீர் பாட்டிலை நீட்டி, என்ன ஆச்சு பெரியம்மா என்று கேட்டாள்.

"பேரை அடின்னு போட்டிருந்திச்சி பாப்பா. அடிச்சேன். இங்கிலீஷா வந்துச்சி. எத்தையோ ஒடச்சிட்டேன்னு கையை எடுத்துட்டேன். யாரு வூட்டு மிசினோ, கேட்டா நான் எங்க போவேன்?"

திண்டிவனம் வரும் வரை அப்பா பேருந்தில் கையேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். அவர் முகத்தைப் பார்த்து, பெரியம்மா சொன்னதை அப்புறம் சொல்லலாம் என்று வாணி விட்டுவிட்டாள்.

அம்மா காந்திமதி மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை புடைக்கும் வேலை முடித்து, தலையெல்லாம் தூசியோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் திட்டவில்லை. மாமாவுக்குப் போன் போடட்டுமா என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று வாணிக்குத் தோன்றியது.

மறுநாள் அப்பா கையேட்டைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஒரு தப்பும் கண்ணில் படவில்லை. தப்பு தெரிந்தாலாவது திருத்தலாம், தெரியாத தப்பை எங்கே போய்த் தேடுவது? தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

வாணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்தப் பெரியம்மா மிஷின் ஒடஞ்சிபோச்சுன்னு பயந்துட்டாங்க."

"பேரை அடிச்சா எப்படிம்மா ஒடையும்?"

"ஒடையாதுன்னு நீ எழுதலயே."

வாணி கணினியைப் போட்டாள். அச்சகம் இடிபட்டபோது சம்பள பாக்கிக்குப் பதிலாக அப்பாவுக்குக் கிடைத்த பழைய கணினி அது. நீ படி, எழுதியிருப்பதை மட்டும்தான் செய்வேன் என்று சொல்லிவிட்டு அவள் நாற்காலியில் ஏறிக்கொண்டாள்.

அப்பா படித்தார். முதல் பக்கம் தாண்டுவதற்குள்ளேயே அவர் கை இரண்டு முறை குறுக்கே வந்தது. வாணி பட்டென்று அதில் ஒன்று போட்டாள். அப்பா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். வாலாட்டும் மாணவனை வாத்தியார் உட்கார வைத்த மாதிரி இருந்தது.

"இப்போது உங்கள் பெயரைத் தட்டெழுதுங்கள்" என்று இரண்டாம் பக்கத்தைப் படித்தார்.

வாணி தட்டினாள். திரையில் ஆங்கில எழுத்துகள் வந்தன.

"தமிழுக்கு மாத்திக்கினு அடிம்மா."

"மாத்துன்னு எங்கப்பா போட்டிருக்குது?"

அப்பா தேடினார். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாம் பக்கத்தில் இல்லை. எங்கேயுமே இல்லை.

வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுவதை யாராவது யோசித்தா செய்கிறோம்? அப்பாவின் விரலும் அப்படித்தான். இத்தனை வருடங்களாகக் கணினி முன் உட்கார்ந்த உடனே, அது பாட்டுக்குத் தமிழுக்கு மாற்றும் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் மற்ற வேலை பார்த்தது. விரல் செய்தது அப்பாவுக்கே தெரியாது. தெரியாததை எப்படி எழுதுவார்?

ஓட்டை கிடைத்துவிட்டது என்று வாணி குதித்தாள். அப்பா குதிக்கவில்லை. மேலே போகப் போக மூன்றாம் பக்கத்தில் ஒன்று, நான்கில் ஒன்று என்று விரல் தானாகச் செய்த வேலைகள் வெளியே வந்துகொண்டே இருந்தன.

"முழுசும் ஓட்டைம்மா. நான் எனக்கு நானே எழுதிக்கினு இருந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். போகிற வழியில் பையை ஒரு பார்வை பார்த்தார். அது வாணிக்குப் பிடிக்கவே இல்லை.

ஆனாலும் மறுநாள் அவள் பள்ளிவிட்டு வந்தபோது நாற்காலி அவளுக்காக இழுத்துப் போடப்பட்டிருந்தது. அப்பா கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துத் தயாராக இருந்தார். தினமும் மாலையில் அதுவே வேலையாயிற்று. நடுநடுவே அப்பாவுக்கு மனம் விட்டுப்போகும். இதெல்லாம் ஆகிற காரியமா என்று நிறுத்திவிடுவார். வாணி எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து அவரே படிக்கத் தொடங்குவார்.

ஒருநாள் அம்மாவையும் இழுத்து உட்கார வைத்தார்கள். கணினி மவுஸைத் தொடும் முன் அம்மா கையைப் புடவையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டாள். படத்தின் மேல் இரண்டு முறை தட்டுங்கள் என்று அப்பா படித்தார். அம்மா விரலை மடக்கி, கதவைத் தட்டுவதுபோலத் திரையில் டொக் டொக்கென்று தட்டினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அப்பா அந்த வரியை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதினார்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. உடையாது என்பதை முதல் வரியிலேயே எழுதச் சொன்னாள் வாணி. கையேட்டில் யாரும் அப்படி எழுத மாட்டார்கள், படித்த ஆட்கள் சிரிப்பார்கள் என்றார் அப்பா.

"படிச்சவங்களுக்கா நீ எழுதுற?" என்று கேட்டுவிட்டு வாணி தூங்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை விழுப்புரம் போனபோது, சோதனைக்கு வர வேண்டிய புது ஆள் வரவில்லை. தேவநாதன் வேறு வழியில்லாமல் சவுரியம்மாளையே கெஞ்சி வரவழைத்திருந்தார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றாமல், திரும்பிப் போகிற தோதில் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததுமே அப்பாவுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. வராந்தா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வாணிதான் சவுரியம்மாளிடம் ஓடினாள்.

"பெரியம்மா, முதல் வரியை மட்டும் படிங்க. புடிக்கலைன்னா போயிடுங்க."

உண்மையில் முதல் வரியில் என்ன இருக்கிறது என்று வாணிக்கே தெரியாது. அப்பா அதைக் காட்டவில்லை.

சவுரியம்மாள் உள்ளே போனார். விரல் வைத்து, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். சன்னலுக்கு வெளியே வாணிக்கு அது நன்றாகக் கேட்டது.

"நீங்கள் எதை அழுத்தினாலும் இது உடையாது. தப்பாகிவிட்டால் கன்ட்ரோல் என்ற பொத்தானை அழுத்திக்கொண்டே இசட்டைத் தட்டுங்கள். பழையபடி வந்துவிடும். முதல் தடவை எல்லாருக்கும் தப்பாகும். எழுதிய எனக்கும் ஆனது."

சவுரியம்மாள் அதை இன்னொரு முறை படித்தார். பிறகு எழுந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

தமிழுக்கு மாற்றினார். பெயரைத் தட்டினார். பூ வைத்தார். பாதியில் எதையோ தொட, மொத்தமும் மறைந்து திரை வெள்ளையாகிவிட்டது. கை மடிக்குப் போனது. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வாணி சன்னல் கம்பியை இறுகப் பிடித்தாள்.

சவுரியம்மாள் முதல் பக்கத்துக்குப் புரட்டினார். கன்ட்ரோல். இசட். போனதெல்லாம் திரும்பி வந்தது.

அழைப்பிதழ் முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். அதைக் காகிதத்தில் எடுத்துத் தர முடியுமா, நானே செய்தேன் என்றால் வீட்டில் நம்ப மாட்டார்கள் என்றார்.

ஆனால் நல்கையைத் தேவநாதன் தர முடியாது. எழுதி அனுப்புகிறேன், முடிவு அவர்கள் கையில் என்றார். ஒரகடத்திலோ திங்கட்கிழமை காலையில் வந்து நிற்கச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பல் துலக்கியதும் அப்பா பையை எடுத்தார். சட்டைகள் போயின. லுங்கி போயிற்று. கடைசியாகக் குவளையிலிருந்த பிரஷையும் எடுத்துப் போட்டு ஜிப்பை இழுத்தார். குவளையில் இரண்டு பிரஷ்தான் மிச்சம் இருந்தன. வாணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுகை வந்தது. அழுதாள்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பாவின் போனில் தேவநாதன் கூப்பிட்டார். அப்பா எச்சில் கையோடு எழுந்து நின்று, சரிங்க சார், சரிங்க சார் என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"ஒரு வருஷம் எழுதச் சொல்லிட்டாங்க."

"வருஷம் முடிஞ்சா?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியல காந்தி. அப்புறம் பாத்துக்கலாம்."

அம்மா அப்பாவின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள்.

வாணி கையைக் கழுவிக்கொண்டு வந்து பையின் ஜிப்பைத் திறந்தாள். அடியில் கையை விட்டுத் துழாவி அப்பாவின் பிரஷை எடுத்தாள். கொண்டுபோய்க் குவளையில், தன் பிரஷுக்குப் பக்கத்தில் வைத்தாள்.