தாகம் தெரியாத புல்

கூட்டத்துக்கு வந்தவர்கள் மூன்று பேர். கல்பெஞ்சின் கிழக்கு ஓரத்தில் குடியிருப்புச் சங்கச் செயலாளர் மயிலாத்தாள், மடியில் கடிதத்தாளோடு. அவளுக்குப் பக்கத்தில் நர்ஸ் ரஷீதா. எதிரே, காலி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நாச்சிமுத்து.

காங்கேயத்தை அடுத்த அந்தக் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வந்து பதினோரு நாளாகியிருந்தது.

தண்ணீரைப் பங்கிட்டது தாகமானி. மண்ணில் புதைத்த உலோகக் குச்சி அது. நீரின்றித் தவிக்கும் புல்லின் தண்டுக்குள் எழும், நம் காதுக்கு எட்டாத சொடுக்குகளை எண்ணும். எண்ணிக்கை கூடினால் லாரி தானே கிளம்பிவரும். மனிதர்களைக் கேட்டால் எல்லோருமே தாகம் என்பார்கள், புல்லுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது நீர்த்துறையின் வாதம்.

போன ஆடியில் மயிலாத்தாள்தான் வீடுவீடாகப் பேசி, தண்ணீர் குடிக்கும் சீமைப்புல்லைப் பெயர்த்துவிட்டு, வறட்சி தாங்கும் கொழுக்கட்டைப்புல்லை நட வைத்தாள். வெட்ட வேண்டாம், தண்ணீர் விட வேண்டாம். வெயில் ஏறியதும் அது பழுப்பேறித் தூங்கிவிட்டது. ஒரு சொடுக்குகூட இல்லை.

“உங்க புல்லு தங்கமான புல்லுங்க்கா. வாயத் தொறந்து ஒண்ணு கேக்காது. என்ற சம்சாரத்துக்கு அதுங்கிட்ட டியூசன் வெக்கோணும்,” என்றார் நாச்சிமுத்து.

“மொதல்ல குடத்த நீங்க தூக்குங்கண்ணா, அப்பறம் டியூசன் வெக்கலாம்,” என்றாள் ரஷீதா. “அக்கா, பிள்ளைக குளிச்சு நாலு நாளாச்சு. புடுங்கிப் போட்டுட்டு பழைய புல்லையே வெச்சரலாம்.”

“தரை பூரா வெச்சா, வர்ற தண்ணியில பாதி அதுக்கே போயிருமே.”

“அப்ப தாகமானியச் சுத்தி மட்டும் வெப்போம்.”

“அது ஏமாத்தாகாதா?”

“நம்ம தாகம் நெசந்தானுங்க்கா. சொல்றதுக்குத்தான் ஆளில்ல.”

மயிலாத்தாள் கடிதத்தாளை மடியில் விரித்தாள். பிறகு பேனாவின் மூடியைத் திறந்தாள். இயந்திரங்கள் எழுதிய மனுக்கள் மலிந்துபோனதால், துறையில் கையால் எழுதிய கடிதம்தான் செல்லுபடியாகும்.

‘ஐயா, எங்கள் குடியிருப்பில் மனிதர்களுக்குத் தாகமாக இருக்கிறது. அதைத் தங்களிடம் தெரிவிக்கத் தகுந்த புல் எங்களிடம் இல்லை. ஆகவே, எங்கள் சார்பில் தாகப்பட, நான்கடிக்கு நான்கடி சீமைப்புல் நட அனுமதி வேண்டுகிறேன். அது தவறாமல் வாடும் என்று உறுதி கூறுகிறேன்.’

உறையை ஒட்ட நாக்கில் ஈரமில்லை. பசை வாங்கிவர நாச்சிமுத்து கடைக்குப் போனார். ஒட்டி, முத்திரையிட்டு, மாலைத் தபாலில் சேர்த்தார்கள்.